முடிந்ததும் வரும்

வீடியோ கேம் விளையாடுவதைவிட, வரப்போகும் வீடியோ கேமைப் பற்றி அதைச் செய்பவர்கள் கொடுக்கும் பேட்டிகளைப் பார்ப்பது எனக்கு அதிகம் பிடிக்கும். விளையாட விரல் வேகம் வேண்டும். ஐம்பது வயதில் அது போய்விட்டது. எங்கோ இருக்கிற பையன்கள் என்னைச் சுட்டுத் தள்ளிவிட்டு, முகத்தைப் பார்க்காமலேயே சரியாகக் கண்டுபிடித்து 'அங்கிள்' என்கிறார்கள். பேட்டி பார்க்க விரல் வேண்டாம். ஒரு மனிதர் மைக் முன்னால் உட்கார்ந்து, ஒன்றுமே சொல்லாமல் அரை மணி நேரம் எப்படிப் பேசுகிறார் என்று சாய்ந்து உட்கார்ந்து ரசிக்கலாம்.

உலகம் முழுக்க ரசிகர்கள் கேட்பது நாலே கேள்விதான். எப்போது வரும்? என் பழைய கம்ப்யூட்டரில் ஓடுமா? நண்பர்களோடு சேர்ந்து விளையாடலாமா? போன பாகத்தில் செத்தவர் நிஜமாகவே செத்துவிட்டாரா? பதிலும் நாலுதான். 'அதைப் பற்றி இப்போது பேச முடியாது.' 'அதை நீங்களே விளையாடித் தெரிந்துகொண்டால்தான் சுவாரசியம்.' 'நல்ல கேள்வி.' நாலாவது பதில், ஒரு சிரிப்பு. எந்தக் கேள்விக்கு எந்தப் பதிலைப் போட்டாலும் பொருந்தும். போட்டுப் பாருங்கள்.

எனக்கு இதில் தொழில்முறை ஆர்வமும் உண்டு. நான் சென்னையில் ஒரு கம்பெனியில் வங்கி சாஃப்ட்வேரை டெஸ்ட் செய்கிறவன். 'ரிலீஸ் எப்போ?' என்று கிளையன்ட் கேட்டதும் கான்ஃபரன்ஸ் காலில் விழுமே ஓர் அமைதி, அது எனக்கு நன்றாகப் பழக்கம். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'எல்லாம் திட்டப்படி போயிட்டிருக்கு சார்' என்பார். அந்தத் திட்டத்தை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

இந்தக் கலையில் பிதாமகர்கள் என்றால் டெக்ஸாஸில் இருந்த 3டி ரியல்ம்ஸ் கம்பெனிக்காரர்கள்தான். 1997இல் 'டியூக் நியூகெம் ஃபாரெவர்' என்ற கேமை அறிவித்தார்கள். எப்போது வரும் என்று கேட்ட அத்தனை பேருக்கும் ஒரே பதில்: 'முடிந்ததும் வரும்.' எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் நிற்கும் பதில். முடியாததுதான் பிரச்சினை. கேம் எந்த எஞ்சின் மேல் ஓட வேண்டுமோ அதையே நடுவில் மாற்றினார்கள்; குவேக் 2 எஞ்சினில் ஆரம்பித்து அன்ரியலுக்குப் போனார்கள். போட்டிக்காரன் பளபளவென்று ஒன்றை இறக்கினால் நம்முடையது பழசாகத் தெரியும். பிரி, மறுபடி கட்டு. வராத பொருள்களுக்கு ஆண்டுதோறும் கேலி விருது கொடுத்துக்கொண்டிருந்த 'வயர்ட்' பத்திரிகை, 2003இல் இதற்கு வாழ்நாள் சாதனை விருதே கொடுத்துவிட்டது. 2009இல் அணியைக் கலைத்தார்கள். வேறொரு கம்பெனி எடுத்து, 2011 ஜூனில் ஒரு வழியாக வெளியிட்டது. அறிவிப்பு வந்தபோது பிறந்த குழந்தை அதற்குள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருக்கும். விமர்சகர்கள் கேமைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். வராமல் இருந்தவரை இருந்த மரியாதை, வந்ததும் போயிற்று.

பதில் சொல்லாதவர்களின் கதை இது. பதில் சொன்னவர்களின் கதை இன்னும் பாவம்.

லண்டனுக்குத் தென்மேற்கே கில்ட்ஃபோர்ட் என்று ஓர் ஊர். பீட்டர் மோலினூவின் லயன்ஹெட் கம்பெனி அங்கேதான் இருந்தது. மோலினூ கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்துபவர் அல்ல. கேட்காததற்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார். 'ஃபேபிள்' வருவதற்கு முன், அதில் ஓர் ஓக் மர விதையை நட்டுவிட்டுப் போகலாம், நாள் போகப்போக அது வளர்ந்து மரமாகும் என்றார். 2004இல் கேம் வந்தது. விதையும் இல்லை, மரமும் இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினார். அந்தக் கேமில் அரக்கர்களை வெட்டலாம், வீடு வாங்கலாம், கல்யாணம்கூடச் செய்துகொள்ளலாம். அதெல்லாம் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. முளைக்காத அந்த விதையைப் பற்றித்தான் இன்றுவரை பேச்சு.

அதே கில்ட்ஃபோர்டில் இன்னொரு சின்னக் கம்பெனி, ஹலோ கேம்ஸ். 2013 டிசம்பரில் 'நோ மேன்ஸ் ஸ்கை' கேமை அறிமுகம் செய்தார்கள். அதில் இருக்கும் கோள்களின் எண்ணிக்கை 18,446,744,073,709,551,616. அச்சுப்பிழை இல்லை. ஒவ்வொரு கோளையும் யாரும் உட்கார்ந்து வரையவில்லை. கணிதச் சூத்திரம் ஒன்று, நீங்கள் போய் இறங்கும்போது உருவாக்கிக் கொடுக்கும். கம்பெனித் தலைவர் ஷான் மரே கூச்ச சுபாவி. நம் மாதிரி ஆளை மைக் முன்னால் உட்கார வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. யார் எதைக் கேட்டாலும் மறுக்க மனம் வரவில்லை. ஓர் ஆட்டக்காரர் இன்னொருவரைச் சந்திக்க முடியுமா? முடியும், ஆனால் இத்தனை கோள்களில் அதற்கு வாய்ப்பே இல்லை என்கிற மாதிரி சொல்லிவைத்தார்.

ரசிகனிடம் 'வாய்ப்பே இல்லை' என்று சொல்லலாமா? 2016 ஆகஸ்டில் கேம் வெளியான கையோடு இரண்டு பேர் ஒரே கோளைக் கண்டுபிடித்து, சொல்லிவைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் போய் நின்றார்கள். இவர் கண்ணுக்கு அவர் இல்லை. அவர் கண்ணுக்கு இவர் இல்லை. அதற்கப்புறம் ஹலோ கேம்ஸ் மாதக்கணக்கில் வாயே திறக்கவில்லை. பேட்டிகளை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தார்கள். 2018 ஜூலையில் வந்த இலவச அப்டேட்டில் ஒருவரை ஒருவர் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டார்கள். பேசாமல் இருந்த அந்த மாதங்களில்தான் பேசியதெல்லாம் முடிந்தது.

ஆனால் நேருக்கு நேர் கேட்கிற சுவாரசியம் எதிலும் வராது. அதற்கு, கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் பிளிசார்ட் கம்பெனி நடத்தும் பிளிஸ்கான் விழாவைப் பார்க்க வேண்டும். மேடையில் கேமை வடிவமைத்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கீழே ஒரு மைக். அதன் பின்னால் ரசிகர்கள் கியூ. இன்ஜினியரிங் காலேஜ் வைவாவேதான். என்ன, இங்கே எக்ஸ்டர்னல் கீழே நிற்கிறார், பரீட்சை எழுதுகிறவர்கள் மேடையில் இருக்கிறார்கள்.

2010 விழாவில் சிவப்புச் சட்டை போட்ட ஓர் இளைஞர் மைக்கைப் பிடித்தார். ஏற்ற இறக்கமில்லாத குரலில், மூச்சு விடாமல் கேட்டார்: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் குள்ளர்களின் மூன்று குலங்களுக்கும் புதிதாக ஆட்சிக் குழு அமைத்திருக்கிறீர்களே, அதில் ஃபால்ஸ்டாட் வைல்ட்ஹாமர் ஏன் இல்லை? மேடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். 'அவர் இறந்துவிட்டார் இல்லையா?' என்றது மேடை. 'இல்லை. ஏரி பீக் என்ற ஊரில் இருக்கிறார். முதலிலிருந்தே இருக்கிறார்' என்றது சிவப்புச் சட்டை. அரங்கமே சிரித்தது. கதையை எழுதியவர்களே கொன்றுவிட்ட ஒருவரை, படித்தவர் பிழைக்க வைத்துவிட்டார். சரிசெய்கிறோம் என்று மேடை ஒப்புக்கொண்டது. சொன்னபடி ஃபால்ஸ்டாடைக் கேமுக்குள் குழுவில் உட்கார வைத்தார்கள். கூடவே, அவர் பக்கத்தில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு குட்டிக் குள்ளரையும் நிறுத்தினார்கள். பெயர், 'வைல்ட்ஹாமர் ஃபாக்ட் செக்கர்'. மீட்டிங்கில் கேள்வி கேட்டவருக்குப் பதவி கிடைத்ததாக நான் கேள்விப்பட்டது இது ஒன்றுதான்.

2013இல் இன்னொருவர் மைக்குக்கு வந்தார். பழைய வார்கிராஃப்டை, அதே கஷ்டங்களோடு, அப்படியே திரும்பத் தருவீர்களா என்றார். பிளிசார்டின் ஜே. ஆலன் பிராக் மேடையிலிருந்து, 'வேண்டும் என்று நினைக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். நாலு வருடம் கழித்து, அதே விழாவில், அதே பிராக் வந்து, பழைய வார்கிராஃப்ட் திரும்ப வருகிறது என்று அறிவித்தார். 2019 ஆகஸ்டில் வந்தபோது உள்ளே நுழையவே ஜனம் மணிக்கணக்கில் கியூவில் நின்றது.

2018 விழாதான் உச்சம். பிளிசார்டின் டையாப்லோ வரிசையில் அடுத்த பெரிய கேம் வரப்போகிறது என்று காசு செலவழித்து வந்து உட்கார்ந்திருந்த கூட்டத்திடம், புது டையாப்லோ செல்போனுக்கு என்று சொன்னார்கள். கேள்வி நேரத்தில் ஒருவர் வந்து, இது சீசன் தப்பி வந்த ஏப்ரல் ஃபூல் ஜோக்கா என்று கேட்டார். கம்ப்யூட்டருக்கு வருமா என்ற கேள்விக்கு, அப்படித் திட்டம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. கூட்டம் ஊளையிட்டது. வடிவமைப்பாளர் வையட் செங் திகைத்துப்போய், 'ஏன், உங்ககிட்டல்லாம் போன் இல்லையா?' என்றார். மனுஷர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். அந்த ஒரு வரி இன்றுவரை அவர் பின்னாலேயே சுற்றுகிறது. 2022 ஜூனில் 'டையாப்லோ இம்மார்ட்டல்' வந்தது. எதில் தெரியுமா? போனிலும், கம்ப்யூட்டரிலும்.

கேம் செய்கிற இவர்களெல்லாம் பொய்யர்கள் என்று என் அக்கா மகன் சொல்வான். நான் அவர்கள் பக்கம். ஒரு கேமில் ஒரு கதவு வைக்க வேண்டும் என்று வையுங்கள். அது திறக்குமா, பூட்டியிருக்குமா? பூட்டியிருந்தால் பூட்டியிருப்பது ஆட்டக்காரருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேர் சேர்ந்து வந்தால், ஒருவர் நுழைந்ததும் மூடிக்கொள்ளுமா? எதிரி துரத்தி வந்தால் அவனும் திறப்பானா? கதவுக்கு நடுவில் நிற்கும்போது மூடினால் ஆள் என்ன ஆவான்? இத்தனைக்கும் விடை கண்டுபிடித்து, எல்லாம் வேலை செய்து, டெஸ்ட்டர் என்று என் மாதிரி ஒருவன் வந்து கதவுமேல் ஆட்டைத் தூக்கி எறிந்து பார்ப்பான். கேம் நின்றுவிடும். கதவையே எடுத்துவிடலாம் என்று முடிவாகும். அந்தச் சமயம் பார்த்து மேடையில் ஒருவரிடம், 'கேமில் கதவு உண்டா?' என்று கேட்டிருப்பார்கள். உண்டு என்று அவர் சொன்னபோது உண்டுதான்.

உண்மையான பதில் ஒன்றே ஒன்று: 'எங்களுக்கே தெரியாது.' அதைச் சொல்வதற்கு மட்டும் யாரும் மேடை போட்டுத் தருவதில்லை. பெரிய கம்பெனி என்றால் பங்குச் சந்தை வேறு இருக்கிறது. அதற்குப் பயந்து ரகசியம் காப்பதில், பதில் சொல்ல உட்கார்த்தி வைக்கப்பட்டவருக்கே விஷயம் போய்ச் சேருவதில்லை. போலந்தில் 'சைபர்பங்க் 2077' செய்த சி.டி. புராஜெக்டின் கதை அதுதான். இரண்டு தடவை தள்ளிப்போய், கடைசியில் 2020 நவம்பர் 19 என்று தேதி குறித்தார்கள். ஒரு ரசிகர், ஆபீஸில் லீவு போட வேண்டும், இனிமேல் தள்ளிப்போகாது அல்லவா என்று ட்விட்டரில் கேட்டார். முழுமையாக உறுதி என்று அதிகாரபூர்வக் கணக்கிலிருந்து பதில் வந்தது. அடுத்த நாளே மூன்று வாரம் தள்ளிவைத்தார்கள். ஊழியர்களில் பலருக்கே ஊருக்குச் சொன்னபோதுதான் தெரிந்தது என்று அப்போது செய்தி வந்தது. அந்த லீவு என்ன ஆயிற்று என்பதுதான் தெரியவில்லை.

அப்படியானால் வாயே திறக்காமல் இருந்துவிட்டால்? ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு, 2019 பிப்ரவரியில் 'ஹாலோ நைட்: சில்க்சாங்' கேமை அறிவித்தது. பிறகு பெரும்பாலும் மௌனம். ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? இன்றும் செய்தி இல்லை என்ற செய்தியைத் தினமும் வாசிக்க ஒருவர் யூடியூப் சேனலே நடத்தினார். 2025 ஜனவரியில் அணியில் ஒருவர் தன் ட்விட்டர் படத்தை ஒரு சாக்லேட் கேக்காக மாற்றினார். அந்தக் கேக்கின் செய்முறை எந்த இணையதளத்தில் வந்தது என்று தேடிப் பிடித்து, அது வெளியான தேதி ஏப்ரல் 2 என்று கண்டுபிடித்தார்கள். நின்டெண்டோவின் புதுக் கருவிக்கான நிகழ்ச்சியும் ஏப்ரல் 2 என்று அறிவிப்பு வந்ததும் ஊரே கொந்தளித்தது. கேம் நிஜம்தான், வேலை நடக்கிறது, வெளிவரும் என்று அவர்கள் தரப்பில் ஒருவர் வந்து சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. ஏப்ரல் 2 நிகழ்ச்சியில் சில நொடி சில்க்சாங் தலைகாட்டியதும், 2025 என்று போட்டதும் உண்மை. வருடக்கணக்கில் எந்தப் பேட்டியும் தராத தகவலைக் கேக் தந்துவிட்டது என்று நம்புகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

வெளியாவதற்கு இரண்டே வாரம் முன்னால்தான் தேதியைச் சொன்னார்கள். செப்டம்பர் 4, நம் நேரப்படி இரவு ஏழரை மணி. வாங்க வந்த கூட்டத்தில் பெரிய பெரிய ஆன்லைன் கடைகளே கொஞ்ச நேரம் படுத்துவிட்டன. ஏன் இத்தனை வருடம் என்று கேட்டபோது கிடைத்த பதில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிக்கல் ஒன்றுமில்லையாம். செய்வதற்கு ஜாலியாக இருந்ததாம், சேர்த்துக்கொண்டே போனார்களாம். இந்தப் பதிலை எங்கள் கிளையன்ட்டிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அடுத்த வேலை கையில் கிடைத்ததும் சொல்வேன்.

இப்போது அக்கா மகனுக்கு ஜிடிஏ 6 என்ற வரப்போகும் கேம் மேல் பைத்தியம். 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள், 2025 நவம்பரில் காலாண்டுக் கணக்கை வெளியிட்ட கையோடு 2026 நவம்பர் 19 என்றார்கள். சைபர்பங்கை உறுதி செய்தார்களே, அதே நவம்பர் 19. கோயம்புத்தூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறவன், போன் போட்டான்.

"மாமா, அன்னிக்கு வியாழக்கிழமை. வெள்ளியும் சேத்துப் போட்டா நாலு நாள் கிடைக்கும். லீவு லெட்டர் இப்பவே குடுத்துடட்டுமா?"

"தாராளமா குடு. தேதியை மட்டும் பென்சில்ல எழுது" என்றேன்.