ஃபேனை நிறுத்துங்கப்பா!

என் மகள் காட்சித் தொடர்பியல் படிக்கிறாள். அவள் கல்லூரியில் சமுதாய வானொலி ஒன்று உண்டு. மாணவர்களே எழுதி, பேசி, வெட்டி, ஒட்டி நிகழ்ச்சி தயாரிக்க வேண்டும். பயிற்சியில் பாதி எங்கள் வீட்டில்தான் நடக்கும் என்று சேர்க்கைப் படிவத்தில் யாரும் அச்சடித்திருக்கவில்லை.

முதல் பலி ஃபேன். அதன் இரைச்சல் மைக்கில் விழுமாம். தாம்பரத்தில், மே மாதத்தில்! எதிரொலி வராமலிருக்கத் துணிகள் வேண்டும் என்பதால் பீரோவைத் திறந்து, அம்மாவின் புடவைகளுக்குள் முகத்தைக் கொடுத்துப் பேசுகிறாள். ஜன்னல் வழியே பார்த்த எதிர்வீட்டுக்காரர் என்னைத் தனியே அழைத்து, “பாப்பாவுக்கு உடம்பு ஒண்ணுமில்லையே சார்?” என்றார். ஒலிப்பதிவு நேரத்தில் குக்கர் வாய் திறக்கக்கூடாது. நானும்தான்.

இந்தத் தொல்லைக்கு மூலம் கிண்டியில் இருக்கிறது. கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு 2002 கடைசியில் கதவைத் திறந்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி 1-ல் ‘அண்ணா எஃப்எம்’மைத் தொடங்கியது. நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி அதுதான். தொண்டு நிறுவனங்களுக்கு 2006-ல்தான் வழி கிடைத்தது.

பாடங்களை அவள் எனக்கும் எடுக்கிறாள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார வேண்டும். ‘ப’ வரும்போது காற்று முட்டாமல் முகத்தைச் சற்றே திருப்ப வேண்டும். தாள்களைப் பின் குத்தக்கூடாது. புரட்டினால் சரசரக்கும், ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். முக்கியமாக, ஊரைக் கூட்டிப் பேசக்கூடாது. ஒரே ஒருவர் எதிரில் இருப்பதாக நினைத்துப் பேச வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரே ஒருவரிடம்தான் பேசிவருகிறேன். அவர் பெரும்பாலும் அடுப்படியில் இருப்பார்.

காலையில் நாளிதழை உரக்கப் படித்து நடுநடுவே விளக்கம் சொல்வது என் வழக்கம். “சமுதாய வானொலி சொந்தமா செய்தி வாசிக்கக் கூடாதுப்பா. அகில இந்திய வானொலிச் செய்தியைத் திரிக்காம போடலாம், அவ்வளவுதான்” என்றாள். விதி வானொலிக்கு, அமலானது என் நாற்காலியில்.

ஒருநாள் தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேட்டி கேட்டாள். இதற்காகவே காத்திருந்தவன்போல் வெளுத்து வாங்கினேன். இரவு கணினியில் என் குரல் மேடும் பள்ளமுமாக ஓடியது. “இது ‘வந்து’, இது ‘அதாவது’, இது மறுபடியும் ‘வந்து’” என்று காதால் கேட்காமலேயே, வடிவத்தை வைத்தே அடையாளம் கண்டு வெட்டினாள். கடைசியில் ஒரு இருமலும் “ஆமாம்” என்ற சொல்லும் மிஞ்சின. இருமல் இயல்பாக இருக்கிறதாம்.

அகில இந்திய வானொலியில் தற்காலிக அறிவிப்பாளராக வேண்டும் என்பது அவள் திட்டம். எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, அப்புறம் ‘வாணி’ என்ற பயிற்சி. இன்னும் எத்தனை கோடைகள் ஃபேனில்லாமல் போகும் என்று நான் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

ஒலிபரப்பு நாள் வந்தது. இந்த நிலையங்களுக்குப் பொதுவாக 100 வாட்தான் வரம்பு. பத்து கிலோமீட்டர் போனால் அதிகம். எங்கள் வீடு அந்த எல்லைக்கு வெளியே. நானும் மனைவியும் பஸ் பிடித்து, கல்லூரி வாசல் டீக்கடையில் உட்கார்ந்து, செல்பேசியில் இயர்போனைச் செருகினோம். அந்த ஒயர்தான் ஏரியல். செருகாவிட்டால் எஃப்எம் வாய் திறக்காது. ஆளுக்கொரு காதாகப் பங்கிட்டுக் கொண்டோம்.

நிகழ்ச்சி ‘சொட்… சொட்…’ என்று தொடங்கியது. தெளிவான, கம்பீரமான சொட்டு. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக்குச் சரிசெய்கிறேன் என்று நான் வாக்களித்துவரும் எங்கள் வீட்டுப் பின்கட்டுக் குழாய் அது. முழு நிகழ்ச்சிக்கும் பின்னணி அதுவே. என் இருமலும் “ஆமாம்” என்ற ஒப்புதலும் அதன்மேல் மிகப் பொருத்தமாக விழுந்தன.

மாலையில் ஆசிரியர் பாராட்டியதாகச் சொல்லி, மகள் கண்டிப்பாக ஒன்று சொன்னாள்: “ரெண்டாம் பாகம் எடுக்கிறவரைக்கும் ப்ளம்பரைக் கூப்பிட்டுடாதீங்கப்பா.”