மரத்தில் இருப்பது தேவதையா, பேயா?

கேள்வி: கிரேக்கப் புராணத்தில் மரத்துக்கு மரம் அழகான வனதேவதை. நம்மூர்ப் புளியமரத்தில் மட்டும் ஏன் பேய்?
– ஒரு வாசகர், கீழ்பென்னாத்தூர்

பதில்: நம் மரங்களிலும் முதலில் குடியிருந்தவள் தேவதைதான், யட்சி என்று பெயர். சாஞ்சி ஸ்தூபியின் கிழக்குத் தோரணத்தில், ஈராயிரம் ஆண்டுகளாக மாங்கிளையைப் பிடித்தபடி ஒயிலாக வளைந்து நிற்கிறாள். கை வலித்ததாகத் தகவல் இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் மாவட்டத்திலேயே, போளூர் பக்கம் திருமலை இருக்கிறது. அங்கே பாறையில் 16 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதரின் யட்சி அம்பிகை. தமிழ்ச் சமணர்களுக்குத் தருமதேவி. மாமரம் அவளுக்கு உரியது, சிங்கம் வாகனம். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் வேறு. இவளா வழிப்போக்கரை அடிக்கப் போகிறாள்?

யட்சியின் பெயர் கெட்டது பிற்காலக் கதைகளில். கேரளத்தில் அவளைப் பாலைமரத்தில் ஏற்றி, வருகிறவர்களிடம் சுண்ணாம்பு கேட்க வைத்தார்கள். எதிர்த்திசைப் பயணமும் உண்டு: திருவாலங்காட்டை அடுத்த பழையனூர்ப் பேய் நீலி, ‘நீலகேசி’ காப்பியத்தில் சமணம் தழுவி, பௌத்தர் முதலானோரை வாதத்தில் மடக்கினாள்.

கிரேக்கத்து வனதேவதையான ஹமாட்ரியாட், தன் மரத்தை யாராவது வெட்டினால் தானும் செத்துவிடுவாள். நம் பேய் கெட்டி, அடுத்த மரத்துக்குக் குடிபெயரும். சாலையை அகலப்படுத்திப் புளியமரங்களைச் சாய்த்தபின் அது எங்கே போனது என்று நீங்கள்தான் விசாரித்து எழுத வேண்டும்!