நகைப் பெட்டியில் நிறுத்தற்குறிகள்

கல்லூரி மாணவி, தாமல்: ஐயா, என் தோழியர் சிலர் அரைப்புள்ளி வடிவில் வெள்ளிப் பதக்கம் அணிந்து வருகிறார்கள். நானும் ஒன்று கேட்டேன். என் பாட்டியோ, “இலக்கணத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவது எந்த ஊர்ச் சம்பிரதாயம்?” என்று கோபிக்கிறார். என்ன பதில் சொல்லட்டும்?

பதில்: நம் ஊர்ச் சம்பிரதாயமே என்று வணக்கத்தோடு சொல்லுங்கள், அம்மணி. குறியைப் பொன்னில் வார்த்துக் கழுத்தில் அணிவது மேனாட்டார் நமக்குக் கற்பித்த வித்தையன்று. வைஷ்ணவக் குடும்பங்களின் திருமாங்கல்யத்தில் நாமம் துலங்குவதைப் பாட்டியார் பார்த்திராமல் இருக்க முடியாது. அந்த நாமத்தின் கோடு வளைவதா, அடியில் பாதம் வைப்பதா என்பது அற்ப விஷயம் என்று அயலூரார் எண்ணக்கூடும். ஆனால் உங்கள் ஊர் ஏரிக்கரையிலிருந்து பேருந்தேறினால் சிறிது நேரத்தில் எட்டிவிடக்கூடிய காஞ்சி வரதராஜப் பெருமாள் சந்நிதியில், வடகலையாரும் தென்கலையாரும் பிரிட்டிஷார் காலந்தொட்டு நியாயஸ்தலப் படிகளை ஏறி இறங்கி நடத்திய விவகாரங்களை அறிந்தவர்கள், குறி சிறிதாயினும் அதன் பொருட்டு மனிதர் கொள்ளும் அபிமானம் சிறிதன்று என்பதை ஒப்புக்கொள்வார்கள். நிறுத்தற்குறியே வேண்டுமென்றாலும் குறையில்லை. பாட்டியாரிடம் மாங்காய் மாலை இருக்குமானால் அதை வாங்கிச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள்: தலை பருத்து, வால் சிறுத்து, ஒரு பக்கம் வளைந்து, காற்புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக, முற்றுப்புள்ளியே காணாத நெடிய வாக்கியம்போல் கழுத்தைச் சுற்றி வருகின்றன. காஞ்சிப் பட்டின் உடலில் இறைந்து கிடக்கும் மாங்காய் புட்டாக்களும் அந்த ஜாதியே. மூக்குத்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பேச்சுக்கு ஒரு விரற்கடை மேலே வைத்த முற்றுப்புள்ளி அது, எந்தப் பேச்சையும் நிறுத்தியதாகச் சரித்திரமில்லையாயினும்.

நெசவாளர், பிள்ளையார்பாளையம்: அந்த அரைப்புள்ளிக்குத் தனியாக ஏதோ அர்த்தம் இருப்பதாக என் மகள் சொல்கிறாள். உண்மையா?

பதில்: உண்மை. அமெரிக்காவில் ஏமி ப்ளூயெல் என்ற பெண்மணி, தற்கொலையால் தம் தந்தையை இழந்தவர், 2013-இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கி இந்தக் குறியை அதன் சின்னமாக்கினார். வாக்கியத்தை முடித்துவிடக்கூடிய இடத்தில், முடிக்காமல் மேலே எழுதத் துணிந்த ஆசிரியன் இடுவது அரைப்புள்ளி; அந்த ஆசிரியன் நாமே, வாக்கியம் நம் ஜீவிதம் என்பது அவர் கொண்ட கருத்து. பச்சை குத்திக்கொண்டவர்கள் பலர்; மோதிரமாகவும் பதக்கமாகவும் அணிந்தவர்கள் பலர். அந்த அம்மையார் 2017-இல் காலமானார். அவர் கதை இன்பமாக முடியவில்லை என்பதற்காக அவர் இட்ட குறி பொய்த்துவிட்டது என்று நான் கருதவில்லை. அதைப் பார்த்துத் தம் வாக்கியத்தைத் தொடர்ந்தவர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உமக்கு இதை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. ஒரு பாவு தீர்ந்ததும் தறியைப் பிரித்துப் போடாமல், மிச்சமிருக்கும் நுனிகளோடு புதிய பாவை இழை இழையாகப் பிணைத்து மறுபடி நெய்யத் தொடங்கும் வேலையைச் செய்தவர் நீர்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் பத்தியின் பரிகாசத்தை ஒதுக்கி வைத்துச் சொல்கிறேன். யாரேனும் ஒரு பெண்ணோ பிள்ளையோ அக்குறியை அணிந்து வந்தால், அழகுக்காக அணிந்ததாகவும் இருக்கலாம், ஓர் இரவைக் கடந்து வந்ததற்காக அணிந்ததாகவும் இருக்கலாம். அவர்களாகச் சொல்லும்வரை துருவ வேண்டாம், சொல்லத் தொடங்கினால் இடைமறிக்கவும் வேண்டாம். இத்தகைய துயரத்தில் இருப்போருக்குச் செவிசாய்க்கவென்றே சென்னையில் சிநேகா என்ற நிலையம் 1986 முதல் இயங்குகிறது. 14416 என்ற அரசாங்க எண்ணிலும் பேசலாம்.

தமிழாசிரியர், வாலாஜாபாத்: நம் முன்னோர் காற்புள்ளியும் இல்லாமல் அரைப்புள்ளியும் இல்லாமல் எழுதினார்களே, வாசித்தவர்களுக்கு மூச்சு முட்டவில்லையா?

பதில்: மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தும், ஓலை கிழிந்துவிடும் என்ற அச்சத்தால் அந்தப் புள்ளியையே இடாமல் விட்டவர்கள், வாக்கியத்தை நிறுத்தவா புள்ளி தேடியிருப்பார்கள்? எங்கே நிறுத்துவது என்பதை யாப்பும் உரையாசிரியரும் குருமுகமும் பார்த்துக்கொண்டன. 1578-இல் கொல்லத்தில் தமிழ் அச்சேறிய பிறகும் வெகுகாலம் அப்படியே கழிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் வசன நூல்களிலும் பதிப்புகளிலும் இக்குறிகளை முறையாகப் பிரயோகித்த பின்னரே அவை நம்மவர் என்ற உரிமையைப் பெற்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு: புள்ளியைத் தாங்க மாட்டேன் என்ற அதே ஓலையைச் சுருட்டிப் பெண்கள் காதில் அணிந்தார்கள், ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடும் காதோலை அந்த ஆபரணத்தின் வம்சமே.

புது மாப்பிள்ளை, ஐயம்பேட்டை: மனைவிக்கு மேற்கோள்குறி வடிவில் கம்மல் வாங்கலாமா?

பதில்: இரு காதிலும் மேற்கோள்குறி தொங்கினால் நடுவே வாய் உரைப்பதெல்லாம் பிறர் கூற்று என்று ஆகிவிடும். அது மேடைப் பேச்சாளருக்கு உகந்த ஆபரணம். உமது மனைவியாரையே கேளும். கேளாமல் வாங்கினால் வினாக்குறி ஒன்று உமது முகத்தில் இலவசமாக முளைக்கும்.

இல்லத்தரசி, தாமல்: அரைப்புள்ளியைத் தங்கத்தில் செய்யச் சொன்னேன். மேலே இருக்கும் புள்ளி கீழே இருக்கும் வாலோடு ஒட்டாமல் நிற்காது என்கிறார் ஆசாரி. ஏமாற்றுகிறாரா?

பதில்: அவர் மெய்யே பேசுகிறார். காகிதத்தில் அந்தரத்தில் நிற்கும் புள்ளி, பொன்னில் நிற்க ஒரு மெல்லிய கம்பியோ, பின்புறம் ஒரு தகடோ, சிறு வளையமோ வேண்டும். பற்றவைக்காமல் விட்டால் முதல் வாரமே குளியலறைத் தரையில் முற்றுப்புள்ளியாய்க் கிடக்கும். தாங்கள் விசாரிக்க வேண்டியது வேறு. 22 காரட் என்றால் 916 முத்திரையும், எண்ணும் எழுத்தும் கலந்த ஆறிலக்க அடையாளமும் நகையில் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அந்த ஆறிலக்கம் இல்லாமல் கடைக்காரர் விற்கலாகாது. ஆனால் இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அரைப்புள்ளியோ பெரும்பாலும் அந்த எடைக்குள் அடங்கிவிடும். ஆகையால் எடை, தரம், செய்கூலி, சேதாரம் நான்கையும் தனித்தனியே எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு புள்ளிக்கும் ஒரு வாலுக்கும் இத்தனை சேதாரமா என்று கேட்கத் தோன்றும், கேளுங்கள், குறைப்பார்கள்.

அதே இல்லத்தரசி: தாங்கள் எந்தக் குறியை அணிவீர்கள்?

பதில்: அடைப்புக்குறியை, ஒட்டியாணமாக. அளவெடுக்க வந்த ஆசாரி, இடைச் சுற்றளவைக் கண்டதும், எத்தனை சவரன் என்று சொல்லாமலே நூலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.