வாயுள்ள பிள்ளை

கேள்வி: சுடுவதில்லை, துரத்துவதில்லை. மவுஸால் க்ளிக் செய்துகொண்டே போகும் சாகச விளையாட்டில் அப்படி என்ன சுவாரஸ்யம்?

பதில்: விரல் ஓய்ந்திருக்கும், மூளை ஓடுமே! 1990-ல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ ஆடிப்பாருங்கள். அதில் வாள்சண்டையை ஜெயிப்பது வாள் அல்ல, வாய். எதிராளியின் வசைக்குச் சுடச்சுடப் பொருத்தமான பதிலடி தரவேண்டும். தெரியவில்லையா? தோற்றுவிட்டு, அந்த வசையைக் கற்றுக்கொண்டு அடுத்தவரிடம் வீசலாம். தோல்வியே பாடமாகிறது! சியரா நிறுவனத்தின் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ என்ற சாகச விளையாட்டில் கால் இடறினாலே மரணம். ரான் கில்பர்ட் வடிவமைத்த ‘மங்கி ஐலண்ட்’டிலோ, பத்து நிமிடம் மூச்சடக்கத் தெரிந்த நாயகன், அதற்கும் மேல் நீருக்கடியில் கிடந்தால்தான் சாவான். சாவு பயம் இல்லாவிட்டால்தான் ஆர்வம் எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்க்கும். சுவாரஸ்யம் அங்கேதான்!