விழிப்புணர்வு அற்றவனின் விண்ணப்பம்

அரசு மருத்துவமனையின் மேன்மைமிகு நிர்வாகத்தாருக்கு,

விழிப்புணர்வு அற்ற நோயாளி பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் நீரிழிவுப் பாதப் பிரிவின் வாசலில் ‘காலணிகளை வெளியே விடவும்’ என்ற பலகை இருக்கிறது. கீழ்ப்படிந்து, சர்க்கரை நோயாளிகளுக்கான என் எம்.சி.ஆர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். உள்ளே சுவரில், ‘சர்க்கரை நோயாளிகள் வீட்டுக்குள்கூட வெறுங்காலில் நடக்கக் கூடாது’ என்று வண்ணப்படம். கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் செருப்பைக் காணோம். முறையிடத் திரும்பிப் போனேன். “வெறுங்காலோட வர்றீங்களே பெரியவரே, பார்த்தா படிச்சவர் மாதிரி இருக்கு, விழிப்புணர்வு வேண்டாமா?” என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி பாடம் எடுத்தார்கள். சீட்டிலும் அதையே எழுதினார்கள். அந்த ஒரு வரியில் மட்டும் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

அடுத்து ஒரு பயிற்சி மாணவி படிவத்தோடு வந்தார், நல்ல பிள்ளை. வெந்நீரில் கால் வைக்கலாமா? கூடாது, மரத்த காலுக்குச் சூடு தெரியாது. ஆணிக்காலை பிளேடால் சீவலாமா? கூடாது. விரலிடுக்கு? ஈரம் போகத் துடைக்க வேண்டும். 10 கிராம் நைலான் இழையால் பாதத்தை அழுத்தி உணர்ச்சி பார்ப்பது எதற்கென்றும் சொன்னேன். விழிப்புணர்வு இல்லாதவன் இவ்வளவுதான் சொல்ல முடியும். கடைசிக் கேள்வி: ‘தொடர்ந்து சிகிச்சைக்கு வர விருப்பம் உண்டா?’ உட்கார நாற்காலி இல்லாததால் புண் பட்ட காலை ஊன்றியபடியே ‘உண்டு’ என்றேன்.

புண்ணில் பாரம் விழக் கூடாது என்பது தங்கள் டாக்டரின் கட்டளை. பாதப் பிரிவோ இரண்டாம் மாடியில். லிப்டோ ஊழியர்களுக்கு மட்டும்.

என் பின்னால் நின்ற சித்தாள் அம்மாவுக்கோ ‘விருப்பமில்லை’ என்று குறித்தார்கள், போன வாரம் வரவில்லையாம். வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் செலவு வேறு, சில நாள் கட்டுத்துணியும் வெளியே வாங்க வேண்டும். இதற்கு உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டா? அவர் விரலை எடுத்த பிறகும் விழிப்புணர்வு இல்லை என்றுதான் எழுதுவீர்களா? மரத்துப்போனது எங்கள் காலா, உங்கள் மனசா?

மன்னிக்கவும், சர்க்கரை ஏறிவிட்டது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு இந்த நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். இத்தனை பேருக்கும் விழிப்புணர்வு ஊட்டும் தங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது.

ஆகவே அடுத்த விழிப்புணர்வு முகாமில் என்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். அதுவும் இரண்டாம் மாடியில்தான் என்றால், லிப்ட்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கவும்.

இப்படிக்கு,
ஓ.பி. சீட்டில் உள்ளபடி