மலிவு விமானத்தில் என்ன எதிர்பார்க்கலாம்?

கேள்வி: முதல்முறையாகக் குடும்பத்தோடு மலிவு விலை விமானத்தில் டெல்லி போகிறோம். என்னவெல்லாம் கிடைக்கும்?
- வாசகி, தேனி

பதில்: டெல்லி கிடைக்கும்! மற்றதெல்லாம் தனிக்கணக்கு. ஜன்னலோர இருக்கைக்கு ஒரு விலை, சாப்பாட்டுக்கு ஒரு விலை. அதற்காகக் கோபப்படாதீர்கள். 2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கியபோது, இலவசச் சாப்பாடு போன்றவற்றை வெட்டித்தான் டிக்கெட் விலையைக் குறைத்தார். சாமானியர் விமானம் ஏற வழி பிறந்தது அப்படித்தான்.

புளியோதரை கட்டி எடுத்துப் போங்கள், தடையில்லை. ஊறுகாய் பாட்டிலைப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் பறிபோகும். கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோ, பெரிய பெட்டிக்கு 15 கிலோ. வீட்டிலேயே எடை போடுங்கள். கூடுதல் எடைக்கு முன்கூட்டியே பணம் கட்டினால் மிச்சம். கவுன்டரில் கட்டினால் கை சுடும். காலிப் பாட்டிலோடு போய், சோதனை முடிந்ததும் உள்ளே தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம்.

இந்த நிறுவனங்கள் ஒரே விமானத்தை நாள் முழுக்கப் பறக்க விடுகின்றன. காலையில் விழுந்த தாமதம் மாலைக்குள் வளர்ந்து ஆளாகிவிடும். முடிந்தவரை முதல் விமானத்தையே பிடியுங்கள்.

12 வயது வரையுள்ள குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024-ல் உத்தரவிட்டிருக்கிறது. பிரித்து உட்காரவைத்தால் தயங்காமல் கேளுங்கள். அது சலுகை அல்ல, உங்கள் உரிமை.