நிலைமொழியும் வருமொழியும்: தளமாற்றப் புணர்ச்சி குறித்து ஓர் ஆராய்ச்சி

மென்பொருள் அலுவலகங்களில் அடிக்கடி எழும் கேள்வி: இணையதளத்தைப் பழைய பிஎச்பியிலேயே ஓட்டுவதா, புதியதொன்றுக்கு மாறிவிடுவதா? இதற்காகக் கூட்டம் போடுகிறார்கள், பவர்பாயின்ட் காட்டுகிறார்கள். நன்னூலைப் புரட்டுவோர்தாம் இல்லை. பவணந்தி முனிவர் சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே விதி வகுத்துவிட்டார். இருக்கும் சொல் நிலைமொழி; வந்து சேர்வது வருமொழி. கணினிக்காரர்களும் தங்கள் கருவிக்கு மொழி என்றே பெயரிட்டிருப்பதால் அவ்விதிகள் இங்கும் செல்லும் என்பது இக்கட்டுரையின் துணிபு. மறுப்போர் டிக்கெட் போடலாம்.

முதலாவது, இயல்புப் புணர்ச்சி. பொன்னும் மலையும் சேர்ந்தால் பொன்மலை, ஓரெழுத்தும் அசையாது. இணையதளம் கட்ட உதவும் ட்ருபல் 7 என்ற மென்பொருள் இவ்வினம். 2011 ஜனவரி 5 அன்று வெளியானது. 2015இல் வந்த ட்ருபல் 8 உள்ளே அடியோடு மாறியிருந்தது. அதற்குப் போக வேண்டுமானால் தளத்தையே மறுபடி கட்ட வேண்டும். பலர் அசையவில்லை. 2021 நவம்பரோடு ஏழுக்கான ஆதரவு முடியும் என்றார்கள். தள்ளிவைத்தார்கள். மறுபடியும் தள்ளிவைத்தார்கள். ஒருவழியாக முடிந்தது 2025 ஜனவரி 5இல். சரியாகப் பதினான்கு ஆண்டு: ராமரே வனவாசம் முடித்து அயோத்தி திரும்பியிருப்பார்.

அடுத்தது தோன்றல். பூ, கொடி இரண்டுக்கும் நடுவே ஒரு மெய் முளைத்துப் பூங்கொடி ஆவதுபோல. 2004இல் பிஎச்பியில் தொடங்கிய ஃபேஸ்புக், கூட்டம் பெருத்தபோதும் வீடு மாறவில்லை. பிஎச்பியை சி++ ஆக்கித் தரும் ஹிப்ஹாப்பை 2010இல் வெளியிட்டது. 2014இல் ஹேக் என்று ஒரு மொழியையே தோற்றுவித்தது.

திரிதலுக்குப் பொற்குடம் உதாரணம், ரெடிட் இன்னொன்று. 2005 ஜூனில் லிஸ்ப் மொழியில் பிறந்தது. முதலீடு செய்தவரோ லிஸ்பின் பரம பக்தரான பால் கிரஹாம். ஆனாலும் அதே ஆண்டு டிசம்பரில் பைத்தானுக்குத் திரிந்தது. பெரும்பாலான வேலை ஒரே வார இறுதியில் முடிந்துவிட்டது. லிஸ்ப் அடியார்கள் கொதித்தார்கள். ஆறு மாதக் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்ற எவ்வளவு நேரமாகும்?

கெடுதல்தான் நெஞ்சை அறுப்பது. மரவேரில் மகரமெய் கெட்டது. நெட்ஸ்கேப்பில் ஐந்து கெட்டது. (அது உலாவி, இணையதளமல்ல என்பார்க்கு, புறனடையால் கொள்க.) நான்காம் பதிப்பு 1997இல் வந்தது. மறு ஆண்டே பழைய நிரலைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுத முடிவு செய்தார்கள். 2000 நவம்பரில் வெளியானது ஆறாம் பதிப்பு, ஐந்து வரவேயில்லை. அதற்குள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சந்தையை வாரிக்கொண்டது. இப்படி ஓர் எண்ணோடு சந்தையும் சேர்ந்து கெடுவதற்கு நன்னூலில் விதியில்லை.

இனி, கூட்டங்களில் நேரும் பிழை. எல்லோரும் வருமொழியின் முதலையே பார்க்கிறார்கள்: வேகம், அழகு, ரெஸ்யூமில் சேரப்போகும் ஒரு வரி. நிலைமொழியின் ஈற்றையும் பார்த்த பிறகல்லவா புணர்ச்சி? அலுவலக வழக்கில் ஈறு என்பது, பணம் செலுத்தும் பக்கத்துக்கு அடியில் கிடக்கும், யாரும் திறக்க அஞ்சும் அந்த ஒற்றைக் கோப்பு. அதில் என்ன இருக்கிறது என்று டீம் லீட் கேட்டால் அறை அமைதியாகிவிடும். பிறகு ஒருவர், வேலையை விட்டு நான்கு வருடமான பழைய ஊழியருக்கு வாட்ஸ்அப் அனுப்புவார். இரண்டு நீல டிக் விழும், பதில் வராது.